சோற்றுக்கை

என் வலது கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி வைத்த பிள்ளைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே புதினம். எங்கள் ஊர் மஹியாவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தையல்காரி பஸீஹாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று. பொத்தான் துளை ஒரு நூல் தள்ளிப் போனாலும் துணியைத் தூக்கி வீசுகிறவள் நான். ஆனால் அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு யாருக்குக் கோபம் வரும்?

டெங்கு என்று சொல்லி என்னைக் கொண்டுவந்து பெண்கள் வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை. காய்ச்சல் ஏறும்போது மலை கிட்டத்தில் வரும், இறங்கும்போது தள்ளிப் போகும். மேலேயிருந்து மூடுபனி இறங்கினால், யாரோ கடையில் வெள்ளை மல் துணியைச் சுருளோடு உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். இதில் எத்தனை சட்டை தைக்கலாம் என்று அளந்துகொண்டே தூங்கிப்போவேன். தூக்கத்திலும் அளப்பேன். கத்தரி வைத்தால் வெட்டிய இடம் வெட்ட வெட்ட ஒட்டிக்கொள்ளும். சலித்துப்போய்க் கண்ணைத் திறந்தால், கனவில் விட்ட இடத்திலிருந்து ஜன்னலில் அதே துணி ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு தரம் கண்ணைத் திறந்தபோதுதான் அவள் நின்றாள். பாலாம்பிகை என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நர்ஸ் படிப்புப் படிக்கிற பிள்ளை, வார்டுக்குப் புதிது. வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியை எந்த அறிவு கெட்டவன் வெட்டினானோ, ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது.

"எனக்கு ஊரு தெல்தோட்டைங்க," என்றாள், நான் கேட்காமலே. "ஒங்களுக்கு சேலைன் ஏத்தணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்மா. நீங்க வேலை செய்யிறது எந்தக் கையிலங்க?"

"எடக் கையில. என்னத்துக்கு புள்ள?"

"அப்ப வலது கையில போட்டுர்றேன். வேலை செய்யிற கைய சும்மா விடணுங்க. அப்பதான் நோயாளி தன்னோட காரியத்த தானே பார்த்துக்குவாங்க. பொஸ்தகத்துல இருக்கு."

நல்ல புத்தகம்தான், குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கத்தரி பிடிப்பது இடது கை, ஊசியும் இடது கை. இடக்கைக் கத்தரி வேண்டுமென்று டவுனில் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். அந்தக் கையைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்ததே, எனக்கு அப்போது மனசு குளிர்ந்துபோனது. வலது கையை நீட்டினேன்.

அவள் விரல் நடுங்கியது. ஊசி நடுங்கவில்லை. ஒரே குத்து, இரத்தம் எட்டிப் பார்த்தது, குழாய் உள்ளே போனது. நான் ஊசியோடு பிழைக்கிறவள், எனக்குத் தெரியும் ஒரு ஊசி தன் இடத்தைத் தேடிப் போகிறதா, தடவுகிறதா என்று. அது தேடிப் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. பல் எல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீரோடு ஒரு சிரிப்பு.

"அம்மா, உசிரோட இருக்கிற ஆளுக்கு நான் போட்ட மொத ஊசி இதுதாங்க. இவ்வளவு நாளா சீலாவதிக்குத்தான் போட்டேன்."

"அது ஆரு?"

"எங்க பயிற்சி ரூம்ல இருக்கிற பொம்மைங்க. ரப்பர் கை. நாங்கதான் பேர் வச்சோம். குத்திக் குத்தி ஓட்டையாகி, இப்ப தண்ணி ஒழுகுது. வலிக்குதான்னு கேட்டா பதிலே சொல்லாது." மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வேலை செய்தாள். ஊசி மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால், மடங்கினால் அடைத்துக்கொள்ளும் என்று உள்ளங்கைக்கு அடியில் பலகை வைத்து விரல் நுனிவரை பேண்டேஜ் சுற்றினாள். ஒரு மடிப்புக்கூடப் பிசகவில்லை. "நாளைக்கு எங்க டியூட்டர் மிஸ் வந்து பார்ப்பாங்க. அதுவரைக்கும் இது நல்லா ஓடினா கையெழுத்து வைப்பாங்க. ஏற்கெனவே கை நடுங்குதுன்னு ஒரு தடவ என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவன்னா சீலாவதிகிட்டயே போக வேண்டியதுதான். என் கூடப் படிக்கிறவங்க எல்லாம் முன்னுக்குப் போயிடுவாங்க, நான் மட்டும் பின்னுக்கு நிப்பேன்."

அவள் போனபிறகும் அந்தச் சிரிப்பு கட்டில் பக்கத்திலேயே நின்றது மாதிரி இருந்தது.

பகலில் ஹபீல் சாப்பாடு கொண்டுவந்தான். பக்கத்து வீட்டுக்காரன், த்ரீவீல் ஓட்டுகிறவன், தாடி நரைத்த மனுஷன். பொம்பிளைகள் வார்டில் நிற்கக் கூச்சப்பட்டு, கேரியரையும் பப்பாசி இலைச் சாற்றுப் போத்தலையும் வைத்துவிட்டு, "மறக்காம குடிங்கோ ராத்தா," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிப்போனான். எனக்குப் புருஷன் இல்லை, மவுத்தாகிவிட்டார். மகன் கத்தாரில்.

கேரியரைத் திறந்தேன். குழைந்த சோறும் பருப்பும். வலது கையைக் கொண்டுபோனேன். பலகை கேரியரின் விளிம்பில் டக் என்று இடித்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்கு அது அப்படியே, எழுத்துக்கு எழுத்து நடந்தது.

இடது கையால் தின்ன வேண்டியதுதானே என்பீர்கள். கரண்டி இருக்கிறதே என்பீர்கள். கரண்டியைப் பிடிப்பது எந்தக் கை? நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சலுகை தொண்டைக்குத் தெரியவில்லையே. இடக்கைப் பழக்கத்தோடு பிறந்த பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான் அந்தப் பாடு விளங்கும். எங்கள் உம்மா என் இடது கையைத் துணியால் முதுகுப்பக்கம் கட்டிவிட்டுத்தான் சோறு வைப்பார். வேலைக்கு எந்தக் கையாவது இருக்கட்டும், வாய்க்கு இந்தக் கைதான் என்பார். கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளைகளோடு ஒரே சஹன் தட்டில் சேர்ந்து தின்ன உட்கார வைத்தபோது, மாமியும் மதினிகளும் சோற்றைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்கள். இடக்கைக்காரி எப்போது பிசகுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் பிசகவில்லை. அன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. இப்போது இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து பிசகவா?

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொன்னால் ஊசியைக் கழற்றுவார்கள், அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கழற்றுவார்கள். யாரையாவது ஊட்டிவிடச் சொல்லலாம். அதற்கு என் வாய் வராது. என் உம்மாவுக்குப் பிறகு யாரும் என் வாயில் சோறு வைத்ததில்லை, புருஷன்கூட. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். நாளைக்குத்தானே டியூட்டர் மிஸ் வருகிறார், அதுவரை தாங்கலாம் என்று கேரியரை மூடி வைத்தேன்.

பின்னேரம் பாலாம்பிகை வந்தாள். குடித்த அளவையும் சிறுநீர் போன அளவையும் எழுத வேண்டுமாம்.

"என்னங்கம்மா, சாறு அப்படியே இருக்கு? வயித்தப் பெரட்டுதா?"

"இல்ல மகள்."

"வாய் கசக்குதா? தொண்டை வலியா?"

"பசியில்ல."

அவள் நெற்றி சுருங்கியது. புத்தகத்தில் இருந்த கேள்வியெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மாத்திரை கொடுக்க வந்த அட்டெண்டன்ட் வாயில் ஊற்றிய தண்ணீர்தான் அன்றைக்கு என் தொண்டையில் இறங்கியது. டெங்குக்காரர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

விடியும் நேரத்தில் காய்ச்சல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஜன்னல் திறந்திருந்ததா, நான்தான் வெளியே போனேனா தெரியவில்லை, மூடுபனி கட்டிலுக்கு அடியில் எல்லாம் நடந்து திரிந்தது. பக்கத்துக் கட்டிலில் சீலாவதி படுத்திருந்தாள். தோள் முதல் விரல் வரை ரப்பர். உடம்பில் ஆயிரம் துளை, துளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர். வலிக்கிறதா என்று கேட்டேன். யாரும் என்னிடம் பதிலுக்கு நிற்பதில்லை, கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றாள். நீ எந்தக் கையால் சாப்பிடுவாய் என்று கேட்டேன். எனக்கு யார் சோறு வைத்தார்கள், கை எதுவானால் என்ன என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உனக்குச் சோறு வைத்திருக்கிறார்கள், வாயும் இருக்கிறது, நீயேன் என்னைப் போலக் கிடக்கிறாய் என்றாள். பனி வந்து அவளை மூடியது. எனக்கு அழுகை வந்தது. ரப்பர் பொம்மைக்குப் பதில் சொல்ல முடியாமல் அழுத ஒரே பொம்பிளை நானாகத்தான் இருப்பேன்.

காலையில் டாக்டர் தாளைப் பார்த்தார், என் நாக்கைப் பார்த்தார். இன்றைக்கும் குடிக்காவிட்டால் ஐ.சி.யூ. என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பாலாம்பிகை என் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்கு ஒரு பயம், டியூட்டர் மிஸ்மேல் ஒரு பயம், இரண்டும் சேர்ந்து முகம் வெளுத்திருந்தது.

பகலுக்கு முன்னாலேயே ஹபீல் வந்தான், புதுச் சோற்றுக் கேரியரும் சாறும் தெம்பிலி இளநீரும் ஈச்சம்பழமும் கொண்டு. பழப் பொட்டலத்தை நீட்டினான். நான் பலகை கட்டிய கையைத் தூக்கி, பலகையின் மேலேயே அதை வாங்கினேன். பொட்டலம் வழுக்கி மடியில் விழுந்தது. இடது கை பக்கத்தில் சும்மாதான் கிடந்தது.

ஹபீல் போய்விட்டான். பாலாம்பிகை போகவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெம்பிலியைக் கப்பில் ஊற்றி, என் இடது பக்கமாக வந்து, "இந்தாங்க," என்று நீட்டினாள்.

என் இடது கை அசையவில்லை. நான் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் பலகைக் கைதான் எழும்பியது.

"கத்தரி பிடிக்கிற கையில கப் பிடிக்க மாட்டீங்களாம்மா?"

"அந்தக் கையால நான் திங்கிற குடிக்கிற சாமான் தொடுறல்ல."

அவள் கப்பை மேசையில் வைத்தாள்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க. எடது கையில சோத்தத் தொட்டா எங்கம்மா அகப்பையாலயே போடுவாங்க. வலது கைய நாங்க சோத்துக் கைன்னுதான் சொல்லுவோம். பொறந்ததுல இருந்து சொல்றேன். ஆனா ஒங்ககிட்ட பொஸ்தகத்துல இருந்த கேள்வியத்தான் கேட்டேன், எங்க வீட்டுக் கேள்விய கேக்கல." உதட்டைக் கடித்தாள். "நீங்க ஏம்மா சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்களே மகள். அதுக்குத்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் சிரிப்ப வச்சு ஒங்களுக்கு வயிறு நெறயுமா? ஒங்களுக்கு ஏதாவது ஆனா நான் பொறகு சிரிப்பேனா?"

என்னை யாரும் அப்படி ஏசி நெடுநாள் ஆகிவிட்டது, ஏச்சும் இனிக்கும் போலிருந்தது.

டியூட்டர் மிஸ் அந்நேரம்தான் வார்டுக்குள் வந்தார். கஞ்சி போட்ட சேலை கட்டிய சிங்களப் பொம்பிளை, நடையிலேயே கண்டிப்பு. நேரே என் கட்டிலுக்கு வந்தார். சேலைன் சொட்டுவதைப் பார்த்தார், ஊசி இடத்தைப் பார்த்தார், பேண்டேஜைத் தடவிப் பார்த்தார். "ஹொந்தாய்," என்றார். நல்லது என்று அர்த்தம். பேனாவைத் திறந்தார்.

கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு கழற்றலாம். இந்தப் பிள்ளை கொஞ்சம் பொறுத்தால் போதும் என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவேயில்லை.

"மிஸ், இதைக் கழற்ற வேண்டும்," என்று சிங்களத்தில் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். இவர் சாப்பிடுகிற கையை நான் கட்டிவிட்டேன், அதனால்தான் குடிக்கவில்லை என்றாள். பலகையை மட்டும் எடுத்தால் கை மடங்கி ஊசி அடைக்கும், கறியும் படும், மற்றக் கையில் முழங்கைக்குக் கீழே மாற்ற வேண்டும் என்றாள்.

டியூட்டர் மிஸ் பேனாவை மூடினார். தன் வலது கையை ஒரு தரம் விரித்துப் பார்த்துக்கொண்டார். அவரும் அந்தக் கையால்தானே தின்கிறவர். "கழற்றினால் இது கணக்கில் வராது. தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் மிஸ்."

"சரி. இடது கையில் நரம்பைக் காட்டு."

ரப்பர் பட்டியைக் கட்டினாள், தட்டினாள், தடவினாள். நரம்பு ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. நேற்று முதல் வாய் வழியே சரியாகத் தண்ணீர் காணாத உடம்பு, சேலைன் சொட்டு போதவில்லை. "குடித்திருந்தால் தெரிந்திருக்கும்," என்றார் டியூட்டர் மிஸ். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுள்ளென்றது. நான் நல்லது என்று நினைத்துப் பூட்டி வைத்த வாய், இந்தப் பிள்ளையின் வழியையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

"மற்ற வார்டு பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் நரம்பு வந்தால் ஒரு தரம் போட விடுவேன். ஒரே ஒரு தரம். இல்லாவிட்டால் சிஸ்டர் போடுவார், நீ பயிற்சி அறைக்குப் போ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலாம்பிகை ஓடினாள். வெந்நீரில் துவாய் நனைத்துக் கொண்டுவந்து என் இடது கையைச் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டாள். பிறகு தெம்பிலிக் கப்பை எடுத்தாள். கேரியரைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், கேட்கத் தயங்கிக்கொண்டு.

பக்கத்துக் கட்டில்காரி பார்க்கிறாள், எதிர்க் கட்டில்காரி பார்க்கிறாள். சஹனைச் சுற்றி இருந்த மாமியும் மதினிகளும் எங்கிருந்தோ வந்து பனிக்குள் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தேன். ரோஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், அதில் ஒரு கைக்குட்டைகூடத் தைக்க ஏலாது.

"நீங்களே தாங்கோ மகள்," என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அத கழட்டுங்கோ. ரப்பர் கையால திங்க நான் என்ன சீலாவதியா?"

சிரித்துவிட்டாள். கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். சோற்றையும் பருப்பையும் குழைத்து, சிறிதாக ஒரு கவளம் உருட்டி, என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் வாயைத் திறந்தேன். அவள் வைக்கவில்லை.

"ஏதோ சொல்லிட்டுத்தானே நீங்க சாப்பிடுவீங்க? பிஸ்மின்னு. சொல்லுங்கம்மா, நான் காத்திருக்கேன்."

கவளம் என் உதட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றது. எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு உடைந்துவிட்டது. பிஸ்மி சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் கை வாய்க்கு வந்தது. உப்புக் குறைந்த பருப்பு. ஆயுசில் அப்படி ஒரு சோறு நான் தின்றதில்லை.

ஒவ்வொரு கவளமாக உண்டேன். தெம்பிலி குடித்தேன், சாறு குடித்தேன், திரும்பவும் தெம்பிலி. கண் செருகியது. ஹந்தானை கிட்டத்தில் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தது. வெள்ளைத் துணி வந்துகொண்டேயிருந்தது, இந்த முறை கத்தரி வைத்த இடத்தில் வெட்டியது. நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கழுத்துப்பட்டி வெட்டினேன், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில்.

"வந்திருச்சு," என்று யாரோ காதுக்குள் சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தேன். டியூட்டர் மிஸ் நின்றார். துவாயை எடுத்திருந்தார்கள். முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு நரம்பு, மெல்லிசாக, ஓட்டுத் தையல் போல ஓடியது. பாலாம்பிகை ஊசியை எடுத்தாள். இந்தத் தரம் விரலும் நடுங்கியது, ஊசியும் நடுங்கியது.

"மகள், அது எனக்குச் சோறு போடுற கை," என்றேன். "ஆனா நீங்க பயப்பட வாணாம். நான் ஒங்கட கைய பார்த்தீக்கிறேன்."

மூச்சை இழுத்தாள். ஊசி தேடிப் போய்ச் சேர்ந்தது.

டியூட்டர் மிஸ் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். பாலாம்பிகை வலது கை ஊசியைக் கழற்றி, பஞ்சு வைத்து அமுக்கி, பிளாஸ்டர் ஒட்டி, பேண்டேஜைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். பலகை விழுந்தது. தண்ணீர் கொண்டுவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாள். வெளுத்துச் சுருங்கியிருந்த விரல்களை மடக்கினேன், விரித்தேன். என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பொறவு சாப்பிடுவேங்க."

பகல் சாப்பாட்டு மணி எப்போதோ அடித்துவிட்டது. கேரியரின் அடித்தட்டில் நான் தொடாத சோறு இன்னும் இருந்தது. என் சோற்றுக் கை விரல்களால் குழைத்து ஒரு கவளம் உருட்டினேன்.

"வாய தொறங்கோ."

"ஐயோ, டியூட்டியில சாப்பிடக் கூடாதுங்கம்மா," என்று டியூட்டர் மிஸ்ஸைப் பார்த்தாள்.

அவர் திரும்பி ஜன்னலுக்கு வெளியே ஹந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வெறும் பனி.

பாலாம்பிகை குனிந்தாள். நான் கவளத்தை அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நீங்க ஒங்கட சாமிய கும்பிட்டுக்கோங்கோ. நான் காத்தீக்கிறேன்."

அவள் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். கையை நீட்டியபடி நான் காத்திருந்தேன்.